ஆறப் பொறுக்காதவள்

விக் துறைமுகத்திலிருந்து படகு ஐந்தரைக்குக் கிளம்பும்.
நாலரைக்கு நான் சட்டியில்
வெண்ணெய் உருக்கிக்கொண்டிருக்கிறேன்.
கூடவே பழுப்புச் சர்க்கரை,
இரண்டு கரண்டி தங்கப்பாகு.
பாகு டப்பாவின் மூடி கத்தி முனைக்குத்தான் திறக்கும்,
அதுவும் திட்டினால்.

ஓட்ஸ் முந்நூறு கிராம்.
தராசின் பேட்டரி போன வருடமே செத்துவிட்டது.
ஆகவே முந்நூறு என்பது
நீல டம்ளரில் மூன்று,
அதற்கு மேல் கூச்சமில்லாமல் கொஞ்சம்.
உலர்ந்த ஆப்ரிகாட்டைக் கத்தரிக்கோலால் நறுக்குகிறேன்
(யாருடைய காது மடலையோ வெட்டுவது போலத்தான்
ஒவ்வொரு தடவையும் இருக்கிறது).
பேரீச்சை. ஒரு பிடி க்ரான்பெர்ரி.
தோல் கறுத்த வாழைப்பழம் ஒன்று
கேள்வி கேட்காமல் உள்ளே போகிறது.

கடலுக்கு மேலே, எண்பது மீட்டர் உயரத்தில்,
காற்றாலையின் தலைக்குள் உட்கார்ந்து தின்ன
எல்லாப் பண்டமும் லாயக்கில்லை.
கையுறைக்குள் அடங்க வேண்டும்.
கியர் பெட்டிக்குள் உதிரவே கூடாது.

அடுப்பிலிருந்து எடுத்த கணத்தில்
இது இன்னும் பண்டமாகவில்லை:
பாதி கஞ்சி, பாதி உத்தேசம்.
ஒரு மணி நேரம் தொடாமல் விட்டால்
தானே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.
என்னிடம் இருந்தது எட்டு நிமிடம்.
ஆக்கப் பொறுத்தவள்
ஆறப் பொறுக்கவில்லை.
கத்தி இழுத்த இடமெல்லாம் குழைந்தது.
காகிதத்தில் சுருட்டி, சூட்டோடு
மார்புப் பையில் திணித்து ஓடினேன்.

டூகல் ஏற்கெனவே படகில்.
ஜனவரியிலிருந்து அவன் என்னிடம்
போல்ட் எண்களை மட்டுமே பேசுகிறான்.
குழுத்தலைமை தனக்கு வரும் என்று இருந்தான்,
எனக்கு வந்தது.
'நாற்பத்தொன்று, சரி.
நாற்பத்திரண்டு, சரி.'
ஒரு மனிதனின் கோபத்துக்கு
இத்தனை போல்ட்டுகள் இருப்பது நல்லதுதான்.

அன்று எழுபதாவது போல்ட்டில் கடல் காணாமல் போனது.
ஏப்ரலில் கிழக்கிலிருந்து வரும் மூடுபனி,
இங்கே அதற்கு ஹார் என்று பெயர்.
முதலில் படகு போனது,
பிறகு அடுத்த காற்றாலை,
பிறகு எங்கள் காற்றாலையின் சொந்தக் கால்.
வயர்லெஸ் சொன்னது: இரண்டு மணி நேரம். மூன்றும் ஆகலாம்.
டூகலின் சாப்பாட்டுப் பெட்டி படகில் இருந்தது.

காகிதத்தைப் பிரித்தேன்.
துண்டு என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.
அவன் எட்டிப் பார்த்து,
'இதென்ன, கோழித் தீவனமா?' என்றான்.
நான்கு மாதத்தில்
எண் இல்லாத முதல் வாக்கியம்.

கையுறையைக் கழற்றிவிட்டுத் தின்றோம்.
நடுவில் காகிதம், இருபக்கமும் முழங்கால்கள்.
ஆப்ரிகாட்டைப் பொறுக்கினான்,
அடியில் பிடித்த கருகலைப் பொறுக்கினான்,
க்ரான்பெர்ரியை மட்டும் ஒவ்வொன்றாக
விரல் நுனியால் என் பக்கம் தள்ளினான்.
'பிடிக்காதா?'
'புளிப்பு.'
ஆறு வருடம் ஒரே கயிற்றில் தொங்கியிருக்கிறோம்,
இது எனக்குத் தெரியாது.

வெகுநேரம் கழித்து, பனியைப் பார்த்தபடி:
'ஆறவிடாமல் வெட்டினாயா?'
'நேரமில்லை.'
'தட்டோடு ஜன்னலுக்கு வெளியே வைக்கணும். பத்தே நிமிஷம்.
நம்ம ஊர்க் குளிர் வேறெதுக்கு இருக்கு?'

இவன் சுடுவானா?
எந்த அடுப்பில், யாருக்கு?
கேட்கவில்லை. காகிதத்தை மடித்து
மடிப்பில் கிடந்த துகள்களை வாயில் கவிழ்த்தேன்.
எழுபத்தொன்று, என்றான். சரி, என்றேன்.

செவ்வாய்க்கிழமை தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
கடற்காகம் ஒன்று ஒரு மூலையைக் கொத்திப் போனது.
மீதி, செங்கல் மாதிரி நேராக வெட்டுப்பட்டது.
க்ரான்பெர்ரி போடவில்லை.
மறந்துவிட்டேன் என்றுதான்
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.